பட்டாளத்தார் கட்டிய கர்ணன்: கிருஷ்ணகிரிப் பயணக் குறிப்புகள்

சனிக்கிழமை

கிருஷ்ணகிரி ஊருக்கு ரயில் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில் திருப்பத்தூரிலிருந்து ஒரு சின்னப் பாதை போட்டார்கள், அப்புறம் அவர்களே பிடுங்கியும் விட்டார்கள். அதனால் சென்னையிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் ஜோலார்பேட்டையில் இறங்கி, திருப்பத்தூர் வந்து, அங்கே பஸ் மாற வேண்டும். பெரியப்பாவும் பட்டாளத்திலிருந்து லீவில் வரும்போது இதே வழிதான். பஞ்சாபிலோ ஜம்முவிலோ ஏறி, டெல்லியில் மாறி, சென்ட்ரலில் மாறி, ஜோலார்பேட்டையில் இறங்கி, தலையில் கறுப்பு டிரங்குப் பெட்டியும் தோளில் ஹோல்டால் என்கிற படுக்கைச் சுருட்டுமாக வந்து நிற்பாராம். இரண்டு மாத லீவில் ஒரு வாரம் வழியிலேயே போய்விடும் என்பார்.

பெரியப்பா காலமாகிவிட்டார். வயது 81. திங்கட்கிழமை கருமாதி. ஞாயிறு ராத்திரி வீட்டு வாசலில் கர்ண மோட்சம் கூத்து. அதற்காகத்தான் இந்தப் பயணம். போகிற இடத்தில் பார்ப்பதை அன்றன்றைக்கே எழுதிப் போடலாம் என்று நினைக்கிறேன்.

கர்ண மோட்சம் பற்றித் தெரியாதவர்களுக்கு: வட தமிழ்நாட்டில் பல ஊர்களில் சாவு வீட்டுக் காரியத்துக்கு முந்தின ராத்திரி இந்தக் கூத்து வைப்பார்கள். பதினேழாம் நாள் போர், கர்ணன் சாவு, அவன் மோட்சம் போவது. செத்தவர் நல்ல கதிக்குப் போவார் என்பது நம்பிக்கை. எங்கள் வீட்டில் இதில் ஒரு சிக்கல். இந்தச் சுற்று வட்டாரத்தில் நாற்பது வருடமாகச் சாவு வீடுகளில் கர்ணன் வேஷம் கட்டியவரே பெரியப்பாதான். அவருக்கு யார் கட்டுவது என்று நான் போனில் கேட்டபோது அண்ணன் சொன்னார்: "ஆள் இருக்கு, நீ வா."

மத்தூரில் அண்ணன் பைக்கோடு நின்றிருந்தார். மத்தூருக்கும் போச்சம்பள்ளிக்கும் இடையில் உள்ளே தள்ளி எங்கள் ஊர். வழியெல்லாம் மாந்தோப்பு. செந்தூரா முடிந்துவிட்டது, பெங்களூராவை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், எல்லாம் கூழ் தொழிற்சாலைக்குப் போகிற காய். இடையிடையே தொழிற்சாலை பஸ்கள் போகின்றன. உள்ளே வரிசையாகச் சீருடையில் பெண் பிள்ளைகள், பாதிப் பேர் தூக்கத்தில். நான் சின்ன வயதில் வந்தபோது இந்தச் சாலையில் கட்டை வண்டி தவிர ஒன்றும் இருக்காது.

ஊர் முனையில் பிளெக்ஸ். பெரியப்பா சல்யூட் அடிக்கிறார். பின்னால் ஒரு ஜெட் விமானம் பறக்கிறது, ஒரு டாங்கி வருகிறது, மூலையில் நடராஜர். அவர் காலாட்படைக்காரர். சர்வீஸ் முழுக்க நடந்தும் ஊர்ந்தும் போனவர். அவர் ஆடியதும் நடராஜருக்காக அல்ல, திரௌபதியம்மனுக்காக.

"என்னண்ணே, ஜெட்டெல்லாம் விட்டிருக்கீங்க?"

"மிலிட்டரின்னு சொன்னா கடைக்காரன் இந்த டிசைனத்தான்டா குடுக்கறான். மாத்தச் சொன்னா எறநூறு எச்சா கேட்டான்."

பெரியம்மா தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. "வந்தியா கண்ணு, சாப்பிட்டியா" என்றார். களியும் கொள்ளுக் கடைசலும் இருந்தது. இந்த ஊர்க் களியை மென்று தின்னக் கூடாது, உருட்டி விழுங்க வேண்டும். பெரியப்பா அதைக்கூட டிரில் மாதிரிதான் சொல்லிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை

போச்சம்பள்ளி சந்தை ஞாயிற்றுக்கிழமை. காரியத்துக்கான சாமான்களுக்கு நானும் அண்ணனும் விடிகாலையிலேயே போனோம். ஆடு, மாடு, நாட்டுக்கோழி, புளி, கயிறு, துணி, கருவாடு, அரிவாள் என்று எல்லாம் ஒரே மைதானத்தில் கிடைக்கும். பெரியப்பா லீவில் வந்தால் முதல் ஞாயிறு இங்கே வந்துவிடுவார். மாடு வாங்க வரமாட்டார். சந்தைக்கு வருகிற கூத்துக்காரர்களைப் பிடிக்க வருவார். எந்த ஊர்க் கோயிலில் பாரதத் திருவிழா ஆரம்பித்திருக்கிறது, யார் வாத்தியார், எந்த வேஷத்துக்கு ஆள் குறைகிறது என்பதெல்லாம் அப்போது இங்கேதான் தெரியவரும். சந்தையில் ஒரு வயதானவர் அண்ணனை அடையாளம் கண்டு, "மிலிட்டரிக்காரர் பையன்தானே?" என்று கேட்டுவிட்டு, வெற்றிலைக் கட்டு ஒன்றைப் பையில் வைத்தார். காசு வாங்கவில்லை.

பெரியப்பா ஆட ஆரம்பித்தது பத்துப் பன்னிரண்டு வயதில், பெண் வேஷத்தில். 1963-ல் படையில் சேர்ந்தார். சீனப் போர் முடிந்த அடுத்த வருடம், நிறைய ஆள் எடுத்த நேரம். அப்போது இந்தப் பகுதி சேலம் மாவட்டம். 1965 செப்டம்பரில் பாகிஸ்தானோடு போர் நின்று ஒன்பது பத்து நாளில், அக்டோபர் 2-ம் தேதி, தருமபுரி தனி மாவட்டமானது. எல்லையில் இருந்தவருக்கு ஊரிலிருந்து வந்த கடிதத்தில் விலாசம் மாறியிருந்ததாம். 2004-ல் மறுபடி பிரித்து கிருஷ்ணகிரி மாவட்டம் ஆக்கினார்கள். அவருடைய காகிதங்களில் மூன்று மாவட்டம் இருக்கிறது. வீடு ஒன்றுதான்.

மதராஸ் ரெஜிமென்ட். நீலகிரியில் வெலிங்டனில் பயிற்சி. "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்பது அவர்கள் போர் முழக்கம். 1758-ல் வேர் விட்ட படை, இந்தியக் காலாட்படையிலேயே பழையது என்று பெருமையாகச் சொல்வார். அந்தப் பெருமையோடு பேச்சு நின்றுவிடும். "எத்தனை பேரைச் சுட்டீங்க பெரியப்பா?" என்று நாங்கள் கேட்காத கோடை லீவு கிடையாது. "கர்ணன் தேர்ச் சக்கரம் மண்ணுல இறங்குச்சே, அப்ப தேரோட்டி சல்லியன் என்ன சொன்னான் தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவார். கடைசி வரைக்கும் பாகிஸ்தான் எல்லையில் சியால்கோட் பக்கம் நடந்த சண்டையைப் பற்றி அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான்: குளிர், சேறு, கரும்புத் தோட்டம். பாரூர் ஏரித் தண்ணீர் பாயும் நிலம் வைத்திருந்தும் அவர் கரும்பு போட்டதில்லை. சுற்றிலும் எல்லாரும் போட்டபோதும் நெல், ராகி, மா என்றே இருந்தார். ஏன் என்று பெரியம்மாவுக்குத் தெரிந்திருக்கலாம். நான் கேட்கவில்லை.

ராத்திரி பத்தரைக்குக் கூத்து தொடங்கியது.

முன்னால் பெட்ரோமாக்ஸ், அதற்கு முன்னால் தீப்பந்தம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இப்போது இரண்டு எல்இடி விளக்கு, மேலே கயிற்றில் தொங்கும் மைக். ஒரு பெஞ்சு. பின்பாட்டுக்காரர்கள், ஆர்மோனியம், மத்தளம், தாளம், முகவீணை. வேஷம் போடுகிற இடம் எங்கள் மாட்டுக் கொட்டகை. கண்ணாடித் துண்டு ஒன்றைக் கம்பத்தில் செருகி வைத்து அவரவர் முகத்தை அவரவரே எழுதிக்கொண்டிருந்தார்கள். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செய்தவை. அதில் கண்ணாடிச் சில்லும் ஜிகினாத் தாளும் ஒட்டியிருக்கும். மரம் லேசானது. ஆனாலும் எல்லாவற்றையும் கட்டி, உள்ளே அடுக்கடுக்காகப் பாவாடையும் கட்டினால் விடிய விடிய ஆடுவதற்கு உடம்பில் வலு வேண்டும்.

கர்ணன் கட்டியவர் பெரியப்பாவின் சிஷ்யர். நாற்பது வயது இருக்கும். பகலில் பர்கூர் பக்கம் கிரானைட் பட்டறையில் வேலை. சலங்கைக் கச்சையை அவர் காலில் சுற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கணுக்காலில் ஆரம்பித்து, ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றில் பாதியை மறைக்கிற மாதிரி, நுனியை வெளிப்பக்கமாகச் செருகினார். பழைய சிப்பாய்கள் காலில் பட்டி சுற்றுகிற முறை அது. பெரியப்பா அப்படித்தான் கட்டுவார். இவர் பட்டாளத்தைக் கண்ணால் கண்டதில்லை.

இதை விட வேடிக்கை ஒன்று உண்டு. பெரியப்பா பையன்களுக்கு அடவு சொல்லிக் கொடுக்கும்போது பாதி கூத்து மொழி, பாதி பரேடு மொழி. "தை தத்தா" என்று ஆரம்பிப்பார், நிறுத்த வேண்டிய இடத்தில் "தம்!" என்பார். "சாவ்தான்", "விஸ்ராம்" எல்லாம் உண்டு. கிறிக்கி என்கிற சுழல் ஆட்டம் சுற்றி முடித்தவன் தள்ளாடினால் பின்புறத்தில் ஒரு தட்டு. இந்த செட்டில் இருப்பவர்கள் இன்றைக்கும் ஒத்திகையில் "விஸ்ராம்" சொன்னால்தான் உட்காருவார்கள். இந்தி எதிர்ப்புக் காலத்திலேயே இந்தி நுழைந்த ஒரே கூத்து செட் இதுவாகத்தான் இருக்கும்.

நடு ராத்திரி தாண்டிப் பொன்னுருவி கட்டம். போருக்குப் போகும் முன் கர்ணன் மனைவியிடம் விடைபெற வருகிறான். குலம் தெரியாதவன் என்று அவனை மதிக்காதவள் அவள். முகம் கொடுக்க மாட்டாள். கேலியும் சண்டையுமாகப் போகும், ஜனம் சிரித்துக்கொண்டே இருக்கும். அப்புறம் அவன் தன் பிறப்பைச் சொல்வான். அதற்குமேல் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

பெரியம்மா உள்ளே தாழ்வாரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவராகவே பேசினார்.

"எழுவத்தொண்ணுல லீவுல வந்தாரு கண்ணு. ரெண்டு மாசம் லீவு. வந்த நாள்லேர்ந்து ஊர் ஊரா நாடகம், நாடகம்னு போயிட்டாரு. வயல்ல அறுப்பு நிக்குது. மூத்தவன் கைப்புள்ள. அந்த நேரத்துல தந்தி. உடனே வான்னு. பெட்டியத் தூக்கிட்டு வாசல்ல நின்னு 'போயிட்டு வரேன்'னாரு. நான் பேசல. உள்ள போயிட்டேன்."

அவர் திரும்பி வந்தது அடுத்த வருடம். நடுவில் இரண்டு கடிதம். மணியார்டர் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்ததாம்.

"அதுக்கப்பறம் இந்தக் கட்டம் ஆடுறப்பல்லாம் அந்தப் 'போய் வரவா'ங்கற அடிக்கு என்னத்தான் பார்ப்பாரு. நான் எப்பவும் எடது மூலையில, விளக்குக் கம்பத்துக்குக் கீழ உக்காருவேன். பார்ப்பாருன்னு தெரியும். நான் வேர்க்கடலை உரிச்சுக்கிட்டு இருப்பேன்."

அவர் சொல்லி முடிக்கும்போது களரியில் அந்த அடி வந்தது. சிஷ்யர் பொன்னுருவியைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தவர், சட்டென்று இடது மூலைக்குத் திரும்பி, தலையைச் சற்றுச் சாய்த்து, ஒரு தாளம் நின்று, பிறகு பாட்டை முடித்தார். அந்த மூலையில் விளக்குக் கம்பமும் இல்லை, யாரும் உட்கார்ந்திருக்கவும் இல்லை. ஒரு நாய் படுத்திருந்தது.

விடிந்தபின் அவரிடம் கேட்டேன். "அது வேஷத்துல இருக்கற அடவுங்க. வாத்தியார் அப்படித்தான் சொல்லிக்குடுத்தாரு. அந்த எடத்துல எடப்பக்கம் பாக்கணும்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை

கர்ணன் விழுந்ததும் கிருஷ்ணன் கிழப் பார்ப்பானாக வந்து அவன் புண்ணியத்தையெல்லாம் யாசகம் கேட்டதும் விடியற்காலையில் நடந்தன. குந்தி வந்து மகனை மடியில் போட்டுக்கொண்டு புலம்பும்போது எங்கள் வீட்டுப் பெண்களும் சேர்ந்து அழுதார்கள். எது ஒப்பாரி, எது கூத்துப் பாட்டு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அப்புறம் ஏரிக்கரை, மொட்டை, பிண்டம், எள்ளும் தண்ணீரும். மத்தியானம் சாப்பாடு. சொந்தக்காரர்கள் மூன்று மணிக்குள் கலைந்துவிட்டார்கள். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

சாயங்காலம் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம்.

மேலே ஒரு சிகரெட் டப்பாவில் மெடல்கள். 1965-க்கு சமர் சேவா ஸ்டார், ரக்ஷா மெடல். 1971-க்கு பஸ்சிமி ஸ்டார், சங்ராம் மெடல். சுதந்திரத்தின் 25-வது ஆண்டுக்கு ஒன்று. ரிப்பன்கள் சாயம் போய் எது எதற்கென்று தெரியவில்லை, பேத்தி போனில் படம் தேடி ஒவ்வொன்றாக அடையாளம் சொன்னாள். இவையெல்லாம் போரிலும் சேவையிலும் இருந்தவர்களுக்குப் பொதுவாகத் தருகிறவை, வீரச் செயலுக்கான விருது அல்ல. பிளெக்ஸில் போட்டிருக்கும் "வீர விருதுகள் பல பெற்றவர்" என்பது அண்ணன் சேர்த்தது. பெரியப்பா இருந்திருந்தால் "தம்!" என்றிருப்பார்.

அடியில் மஞ்சள் துணியில் சுற்றிய சலங்கை. அதற்கும் அடியில் வசன நோட்டு.

அந்த நோட்டைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். காக்கி அட்டை போட்ட நீளமான நோட்டு. அலுவலகத்துக்கு வந்ததைத் தள்ளிக்கொண்டு வந்திருப்பார் போல. பக்கத்தின் ஒரு புறம் கட்டம் போட்டு ஆங்கிலத்தில் காவல் முறை: யார் எந்த நேரம், எந்த போஸ்ட். மறுபுறம் தமிழில் கூத்துப் பாட்டுகளான விருத்தமும் தருவும், வசனமும். ஒரு இடத்தில் "2 முதல் 4" என்று அவர் பெயருக்கு எதிரே எழுதியிருக்கிறது, திருப்பினால் கர்ணன் திரைக்குப் பின்னால் நின்று பாடும் விருத்தம். இரண்டு பேர் வேட்டியைத் திரையாகப் பிடித்துக்கொள்ள, வேஷக்காரர் அதன் பின்னால் நின்று முதலில் கிரீடத்தை மட்டும் காட்டிப் பாடுவார் இல்லையா, அந்த இடம். எழுத்துப் பிழைகள் நிறைய. கர்ணன் எல்லா இடத்திலும் "கற்னன்". பென்சிலில் மேலே மேலே திருத்தியிருக்கிறார், பேனாவில் மறுபடி எழுதியிருக்கிறார். ஒரு ஓரத்தில் சம்பந்தமே இல்லாமல் "அம்மன் கோயில் கூலி 5 ரூ அனுப்பணும்" என்று இருக்கிறது.

படா கானா என்று ரெஜிமென்டில் எல்லாரும் சேர்ந்து உண்கிற விருந்து உண்டு. அதில் ஆளாளுக்குப் பாடுவார்கள், ஆடுவார்கள். இவர் கம்பளியைப் பாவாடையாகக் கட்டி, அட்டையில் கிரீடம் செய்து கர்ணன் ஆடியிருக்கிறார். பார்த்தவர்களில் மலையாளி, தெலுங்கர், கன்னடர் எல்லாரும் உண்டு. கதை எல்லாருக்கும் தெரியும், அதனால் பாஷை பற்றி யாரும் கவலைப்படவில்லை என்பார். மதராஸ் ரெஜிமென்டில் அது ஒரு வசதி.

ஹவில்தாராக 1981-ல் திரும்பினார். வந்த பணத்தில் மாந்தோப்பு வைத்தார். அதன்பிறகு மாசி பிறந்தால் அவர் வீட்டு மனுஷர் இல்லை, கோயில் மனுஷர். எங்கள் திரௌபதியம்மன் கோயிலில் பாரதம் பதினெட்டு நாள். பகலில் பாரதம் படிப்பு, ராத்திரி கூத்து. காப்புக் கட்டினால் கேன்டீன் ரம்மைத் தொடமாட்டார். செருப்பு, பாய், தலையணை கிடையாது. கோட்டா பாட்டில்கள் அலமாரியில் வரிசையாகக் காத்திருக்கும். தீமிதி முடிந்து மறுநாள் சாயங்காலம்தான் திறப்பார், அதுவும் அளந்துதான்.

அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது கர்ணன். ஆனால் அவர் மனசு இருந்தது அர்ச்சுனன் தபசில் என்று நினைக்கிறேன். உயரமான தபசு மரம் நட்டு, படி மாதிரிக் குறுக்குக் கட்டை அடித்திருப்பார்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டு. பாடினால்தான் அடுத்த படி. உச்சிக்குப் போக இரண்டு மணி நேரம் ஆகும். கீழே பிள்ளை வரம் கேட்கிற பெண்கள் ஈரச் சேலையோடு மரத்தைச் சுற்றி இருப்பார்கள். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழம், விபூதி, பூ எல்லாம் எறிவார். மடியில் விழுந்தால் பிள்ளை என்று நம்பிக்கை. பட்டாளத்தில் கயிறு ஏறிப் பழகிய உடம்பு, ஐம்பது தாண்டியும் ஏறினார். 1990 வாக்கில் அத்தை மடியில் விழுந்த எலுமிச்சம்பழத்தின் பெயரால் எங்கள் குடும்பத்தில் ஒருவன் இன்றைக்கும் கிண்டல் வாங்கிக்கொண்டிருக்கிறான். அவன் பெயர் சொல்ல அனுமதி இல்லை.

செவ்வாய்க்கிழமை

காலையில் குலதெய்வம் கோயில். எங்களுக்கு வேடியப்பன். கோயில் என்றால் கோபுரம் ஒன்றுமில்லை. வேப்ப மரம், கீழே ஒரு நடுகல். கல்லில் ஒரு வீரன் ஒரு கையில் வில்லும் இன்னொரு கையில் வாளுமாக நிற்கிறான். எண்ணெய் ஏறி முகம் மழுங்கிவிட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் இப்படிப் பழைய நடுகற்களையே வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். முன்னோர் யார், என்ன சண்டை, எதுவும் கும்பிடுகிறவர்களுக்குத் தெரியாது. பொங்கல் வைப்பது மட்டும் நிற்கவில்லை.

அங்கிருந்து காவேரிப்பட்டினம் வழியாகத் தருமபுரி. வழியில் நிப்பட்டு வாங்கிக் கடித்துக்கொண்டே போனோம். அண்ணனுக்குத் தருமபுரியில் வேலை இருந்தது. என்னை அருங்காட்சியகத்தில் இறக்கிவிட்டுப் போனார். பெரியப்பா என்னைப் பள்ளிக்கூட வயதில் கூட்டிவந்த இடம்.

நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. இந்த வட்டாரத்தில் பல்லவர் காலத்திலிருந்தே நட்டிருக்கிறார்கள். பழையவற்றில் வட்டெழுத்து. எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய ஆள், எந்தத் தொறுவை மீட்கும்போது பட்டான் என்று சுருக்கமாக இருக்கும். தொறு என்றால் மாட்டு மந்தை. பெரும்பாலான சண்டை மாட்டுக்காகத்தான். மாட்டைக் கவர்ந்து போகிறார்கள், ஊர்க்காரன் ஒருவன் துரத்திப் போய் மீட்கிறான் அல்லது சாகிறான், ஊர் அவனுக்குக் கல் நடுகிறது. நம் பாரதக் கூத்திலும் விராட பர்வத்தில் மாடுபிடி சண்டை ஒரு பெரிய நாள். நிஜ மாடுகளையே ஓட்டிவந்து விரட்டுவார்கள், ஊரே தெருவில் ஓடும். பதினெட்டு நாளில் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அந்த நாள் ஏன் அவ்வளவு பிடிக்கிறது என்று இந்தக் கற்களுக்கு முன்னால் நின்றால் எனக்கு ஓரளவு புரிகிறது. இது என் ஊகம்தான், ஆராய்ச்சிக்காரர்கள் அடிக்க வரவேண்டாம்.

அந்தக் காலத்தில் பெரியப்பா கல்வெட்டை எல்லாம் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார். முன்னங்கால் மடங்கி, பின்னங்கால் நீண்டு, இடுப்பு ஒரு பக்கம் திரும்பி நிற்கிற ஒரு கல்லின் முன்னால் நின்று, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அதே மாதிரி நின்று காட்டினார். "பாரு, இது நம்ம அடவு. செதுக்கினவன் கூத்து பாத்தவன்டா" என்றார். காவலர் வந்து என்னவென்று கேட்டார். பெரியப்பா விறைப்பாக நின்று ஒரு சல்யூட் வைத்தார். அவரும் பதிலுக்கு வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இன்றைக்கு அந்தக் கல் எது என்று தேடினேன். அப்படி நிற்கிற கற்கள் நிறைய இருக்கின்றன.

புதன்கிழமை

பஸ்ஸுக்கு முன்னால் ஒரு பஞ்சாயத்து. பெட்டியில் இருப்பதையெல்லாம் கண்ணாடி அலமாரி செய்து வரவேற்பறையில் வைக்க வேண்டும் என்கிறார் அண்ணன். மெடலை வை, சலங்கையை வைக்கக் கூடாது என்கிறார் பெரியம்மா. "அது ஆடுற பொருள். ஆடறவங்க கையில இருக்கணும்."

சிஷ்யரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். வந்தவர் சும்மா வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றார். தட்டில் வெற்றிலை பாக்கும் 101 ரூபாயும் வைத்து, பெரியம்மா காலில் விழுந்து எழுந்துதான் கையை நீட்டினார். பெரியம்மா நூறை எடுத்துக்கொண்டு ஒரு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். குடும்ப ஓய்வூதியக் காகிதங்களுக்கு ஜெராக்ஸ் எடுக்க ஆகும் என்று சொல்லி அந்த நூறை முந்தானையில் முடிந்துகொண்டார். ராத்திரி அந்த மூலையைப் பார்த்தது எதற்கு என்று அவர் சிஷ்யரிடம் சொல்வாரோ என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. "பொன்னுருவி கட்டம் கொஞ்சம் இழுக்குது, வேகமா ஆடு" என்று மட்டும் சொன்னார்.

வசன நோட்டு இப்போதைக்கு என்னிடம். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, சிஷ்யருக்கும் பேத்திக்கும் ஒவ்வொரு பிரதி கொடுத்துவிட்டு அசலை மாசிக்குள் திருப்பித் தர வேண்டும். அந்த மாசிப் பாரதத்துக்குக் கிரீடம் புதிதாகச் செய்கிறார்களாம். பெரியப்பாவுடைய கிரீடத்தில் பாதிக் கண்ணாடி உதிர்ந்துவிட்டது, எலியும் கடித்திருக்கிறது. சிஷ்யர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்: ஜிகினாத் தாள் நான்கு நிறம், சின்ன வட்டக் கண்ணாடி இரண்டு குரோஸ் (ஒரு குரோஸ் 144), முத்து வெள்ளை, சிவப்பு அரிதாரம், தங்கச் சரிகை நாடா பத்து மீட்டர். எல்லாம் சென்னையில் பாரிமுனைப் பக்கம் மலிவாகக் கிடைக்கும் என்கிறார். தெரு பெயர் அவருக்கும் நினைவில்லை. எந்தத் தெரு, எந்தக் கடை என்று தெரிந்தவர்கள் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும். மாசிக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஆனால் கிரீடம் ஒட்டிக் காய இரண்டு மாதம் வேண்டுமாம்.